பழைய நகர்மையக் கட்டடத்தை ஹோட்டலாக மாற்றுவது எப்படி? குழாயிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையத்தின் முகப்பில் நிற்கும் செங்கல் மாளிகை, 1873இல் 'மிட்லண்ட் கிராண்ட்' என்ற பெயரில் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். அன்றைய ஆடம்பரத்தின் உச்சம் அது. ஆனால் 1935இல் மூடிவிட்டார்கள். முக்கியமான காரணங்களில் ஒன்று குளியலறை. நூற்றுக்கணக்கான அறைகளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குளியலறைகள்தான் இருந்தன. தீ பரவாமல் இருக்கக் கனமாகப் போட்டிருந்த தளங்களைத் துளைத்து அறைக்கு அறை குழாய் கொண்டுபோவது கட்டுப்படியாகவில்லை. பிறகு பல ஆண்டுகள் ரயில்வே அலுவலகமாக இருந்தது. 1960களில் இடிக்கப் பேசினார்கள். 1967இல் வரலாற்றுக் கட்டடங்களுக்கான முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்து தப்பியது. மறுபடி ஹோட்டலாகத் திறந்தது 2011இல்.

பழைய கட்டடத்தை ஹோட்டலாக மாற்ற நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். வாங்க வருபவர்கள் முகப்பைப் பார்க்கிறார்கள், தூண்களைப் பார்க்கிறார்கள், பளிங்குப் படிக்கட்டில் நின்று படம் எடுக்கிறார்கள். கழிவுக் குழாய் எந்த வழியாக இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை அறை வரும், எவ்வளவு செலவாகும், எந்த அழகு தப்பும், எது போகும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தக் குழாய்தான் தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

படி 1: முன்பணம் கொடுப்பதற்கு முன் கட்டடத்தோடு நாலு நாள் இருங்கள்

ஒரு முறை போய்ப் பார்ப்பது போதாது. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, முடிந்தால் நல்ல மழை பெய்யும்போது ஒரு முறை போங்கள். கூரையிலிருந்து அடித்தளம் வரை இறங்கி வாருங்கள். மழை நாளில் கட்டடம் தன் நோயைத் தானே காட்டும். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்த வடிகால் அடைத்திருக்கிறது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்பது அன்றைக்குத் தெரிவதுபோல் வேறு நாளில் தெரியாது.

கையில் ஒரு அளவுநாடா வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அளக்க வேண்டியது ஜன்னலுக்கு ஜன்னல் உள்ள இடைவெளி. வசதியான ஒரு அறைக்கு ஏறத்தாழ 3.6 முதல் 4 மீட்டர் அகலம் வேண்டும். குளியலறையையும் சேர்த்து 7 அல்லது 8 மீட்டர் ஆழம். நடுவில் ஒன்றரை முதல் 1.8 மீட்டர் நடைபாதை. இருபுறமும் அறை வைத்தால் கட்டடத்தின் மொத்தக் குறுக்களவு 16 முதல் 18 மீட்டருக்குள் இருப்பது நல்லது. 20 மீட்டரைத் தாண்டினால் நடுவயிறு இருட்டிவிடும். ஜன்னல் இல்லாத இடத்தில் படுக்கை போட முடியாது.

இங்கேதான் பழைய அலுவலகக் கட்டடங்கள் கைகொடுக்கின்றன. ஏர்கண்டிஷனரும் குழல்விளக்கும் பரவுவதற்கு முன் கட்டியவற்றில் எல்லா மேசைக்கும் ஜன்னல் வெளிச்சம் எட்டியாக வேண்டும். அதனால் அவற்றை ஒடுக்கமாகக் கட்டினார்கள். நடுவே வெளிச்சம் இறங்க மேலே திறந்த வெளிச்சக் கிணறு விட்டார்கள். மேலிருந்து பார்த்தால் ப வடிவமாகவோ சதுர வளையமாகவோ தெரியும். அந்த ஒடுக்கம் ஹோட்டல் அறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். 1900க்கும் 1930க்கும் இடைப்பட்ட அலுவலகக் கட்டடம் விற்பனைக்கு வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைப் போய்ப் பாருங்கள் என்பேன்.

பெரிய கடைகளும் கிடங்குகளும் அப்படியில்லை. அகலமாகப் பரந்திருக்கும், நடுவைக் குடைந்தாக வேண்டும். சிங்கப்பூரில் 1928இல் கட்டிய பொது அஞ்சல் அலுவலகம் 2001இல் 'ஃபுல்லர்டன்' ஹோட்டலாக ஆனது. நடுவில் மேலிருந்து வெளிச்சம் விழும் முற்றம் இருக்கிறது. உள்பக்க அறைகள் அதைப் பார்த்தபடி இருக்கின்றன. அகன்ற கட்டடத்துக்கு இது நல்ல வழி. ஆனால் முற்றத்தைத் திறக்கும்போது தளப்பரப்பு போகும். அந்தக் கணக்கை விலைபேசும் முன்பே போட்டுவிட வேண்டும்.

சிறைச்சாலை, ரயில் நிலையம், விமான முனையம் போன்றவற்றில் அறைகளைத் திணிக்கப் பார்க்காதீர்கள். பாஸ்டனில் 1851ஆம் ஆண்டுச் சிறை 2007இல் 'லிபர்ட்டி' ஹோட்டலானபோது, நடுவில் இருந்த உயரமான கூடத்தை லாபியாக வைத்துக்கொண்டு பெரும்பாலான அறைகளைப் பக்கத்தில் கட்டிய புதிய கோபுரத்தில் வைத்தார்கள். நியூயார்க்கில் ஈரோ சாரினென் வடிவமைத்து 1962இல் திறந்த டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் முனையமும் அப்படித்தான். 2019இல் அது ஹோட்டலானது. சிறகு விரித்த பழைய கூடம் வரவேற்பிடம். 512 அறைகளும் பின்னால் எழுந்த இரண்டு புதிய கட்டடங்களில். கூடுதலாகக் கட்ட மனையில் இடம் இருக்கிறதா, அனுமதி கிடைக்குமா என்று முதல் நாளே கேட்பது இதற்காகத்தான்.

கடைசியாகப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். லாரி நிற்க இடம் உண்டா? குப்பை எந்த வழியாக வெளியே போகும்? முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்கம் வழியே இல்லாத கட்டடம் ஹோட்டலை நடத்தவிடாது.

படி 2: எதைத் தொடக்கூடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள்

கட்டடம் எந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, எந்த அளவுக்கு என்று தெரியாமல் ஒரு கோடுகூட வரையாதீர்கள். சில இடங்களில் முகப்புக்கு மட்டும்தான் பாதுகாப்பு. சில இடங்களில் உள்ளே இருக்கும் படிக்கட்டு, கூரைப் பூவேலை, கதவுக் கைப்பிடி வரைக்கும் உண்டு. இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதி இல்லாமல் மாற்றம் செய்வது குற்றம், வழக்கு வரும்.

அனுமதி வெறும் தடை மட்டுமல்ல, சில நாடுகளில் பணமும் கூடவே வரும். அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தைத் தரத்துக்கு ஏற்பச் சீரமைத்து வருமானம் தரும்படி பயன்படுத்தினால், தகுதியான செலவில் 20 சதவீதம் மத்திய வரிச்சலுகையாகக் கிடைக்கிறது. அதற்கு தேசியப் பூங்கா அமைப்பிடம் மூன்று கட்டமாக விண்ணப்பிக்க வேண்டும்: கட்டடத்தின் மதிப்பு, செய்யப்போகும் வேலை, செய்து முடித்த வேலை. இரண்டாவது கட்டத்துக்கு ஒப்புதல் வருமுன் இடித்துவிட்டுப் பிறகு படிவம் நிரப்புபவர்கள், சலுகையைத் தாங்களே பணயம் வைக்கிறார்கள். உங்கள் நாட்டின் விதி வேறாக இருக்கலாம். வரிசை மட்டும் எங்கும் ஒன்றுதான்: முதலில் ஒப்புதல், பிறகு சுத்தியல்.

வரலாற்றுக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கப் போகும்போது முடிந்த வரைபடத்தோடு போகாதீர்கள், கேள்விகளோடு போங்கள். அதற்கு முன் கட்டடத்தின் ஒவ்வொரு இடத்தையும் மூன்று வகையாகப் பிரித்து வண்ணம் தீட்டுங்கள். ஒன்று, உயிர்நாடியான இடங்கள்: நுழைவுக்கூடம், பெரிய படிக்கட்டு, வங்கி மண்டபம், முகப்பு. இரண்டு, கவனமாகத் தொடலாம் என்ற இடங்கள். மூன்று, ஏற்கெனவே பலமுறை மாற்றிச் சிதைந்துபோன இடங்கள். மூன்றாவது வண்ணம் எங்கே நிறைய இருக்கிறதோ அங்கே லிஃப்ட், குழாய்த் தண்டு (மாடிக்கு மாடி குழாய்கள் நேராக இறங்கும் அடைப்பு), மின்னறை எல்லாவற்றையும் கொண்டுபோய் வையுங்கள். இந்த ஒரு படம் கையில் இருந்தால் அதிகாரியோடு பேச்சு சண்டையாகாது.

1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவான புர்ரா சாசனமும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையின் அடிப்படை. சாரமாகச் சொன்னால், தேவையான அளவு மட்டும் மாற்று, மாற்றியது புதிது என்று தெரியட்டும், பின்னால் வருபவர் கழற்ற முடிகிற மாதிரி செய். புதிய தடுப்புச் சுவரைப் பழைய கூரையின் பூவேலையை வெட்டி நுழைக்காமல், அதன் வளைவுக்கு ஏற்பச் சுவரின் மேல்விளிம்பைச் சீவி நிறுத்துவது அந்த மனப்பான்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு. நாளைக்குச் சுவரைக் கழற்றினால் பூவேலை அப்படியே இருக்கும்.

படி 3: சுவரைத் தட்டிப் பாருங்கள்

லேசர் அளவீடு எடுங்கள். பழைய கட்டடத்தில் எந்த மூலையும் செங்கோணமாக இருக்காது. கூரை மரங்களைத் துளையிட்டு அளக்கும் கருவியால் சோதியுங்கள். வெளியே திடமாகத் தெரியும் உத்திரம், சுவருக்குள் புதைந்த முனையில் மட்கிப்போயிருக்கும். மரம் கெடுவது பெரும்பாலும் அந்த முனையிலிருந்துதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகுச் சட்டத்தைக் கல்லாலோ செங்கல்லாலோ மூடிக் கட்டியவற்றில் இன்னொரு ஆபத்து உண்டு. உள்ளே நீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். துரு, எஃகைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும். அதனால் வெளிக்கல் வெடிக்கும். லண்டனில் இதற்கு 'ரீஜென்ட் தெரு நோய்' என்றே பெயர். முகப்பில் நேர்க்கோட்டு வெடிப்புகளைக் கண்டால் அதற்குப் பின்னால் ஒரு எஃகுத் தூண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஈய வர்ணம், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டுக்கும் தனிச் சோதனை வேண்டும். இடிக்கத் தொடங்கிய பிறகு தெரிந்தால் வேலை நின்றுவிடும்.

இத்தனை கருவிக்கும் மேலாக நான் நம்புவது விரல்முட்டியை. பழைய கொத்தனார்கள் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார்கள். திடமான பூச்சு 'டக்' என்று சுருங்கிய சத்தம் தரும். பிடிப்பு விட்டிருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். சுண்ணக்கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பொள்ளலாக ஒலிக்கும் இடத்தையெல்லாம் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். மாலையில் தள்ளி நின்று பார்த்தால் அந்த வட்டங்கள் ஒரு படம்போல் தெரியும். கூரை ஒழுகலிலிருந்து கீழே இறங்கும் ஒரு வால், தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஏறிய ஒரு பட்டை, உடைந்த குழாய்க்குப் பக்கத்தில் ஒரு திட்டு.

அந்த இடுப்பளவுப் பட்டைக்குக் காரணம் பெரும்பாலும் சிமெண்ட். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தரையிலிருந்து ஈரம் உறிஞ்சும், பூச்சு வழியாக ஆவியாக வெளியேற்றும். அது மூச்சு விடுவதுபோல. யாரோ ஒருவர் இடையில் வந்து, ஓதத்தை நிறுத்துகிறேன் என்று கீழ்ப்பகுதிக்குச் சிமெண்ட் பூசிவிடுவார். மூச்சு அடைபடும். ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தை மாவு மாவாக உதிர்க்கும்.

நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் இதே தவற்றைக் கண்ணெதிரே பார்த்தேன். திறப்பு நாள் நெருங்கிவிட்டதென்று ஒரு ஒப்பந்தக்காரர் லாபிச் சுவருக்குச் சிமெண்ட் பூசி, மேலே பளபளக்கும் வர்ணமும் அடித்துவிட்டார். ஓராண்டுக்குள் வர்ணம் கொப்புளமாக எழும்பியது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினேன். உள்ளே இருந்து வெள்ளை உப்பு பொடியாகக் கொட்டியது. அதோடு செங்கல் தூளும். சிமெண்டைக் கொத்தி எடுக்கும்போது செங்கல்லின் மேல்தோல் முழுக்கக் கூடவே வந்துவிட்டது. நூறாண்டு தாங்கிய செங்கல் அது. இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

பூச்சுக்குச் சுண்ணாம்பையே பயன்படுத்துங்கள். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு, சரியான மணல், ஒவ்வொரு அடுக்குக்கும் ஆற அவகாசம். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் அது இறுகும், அவசரப்படுத்த முடியாது. அந்த நாட்களை வேலை அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

படி 4: பாரம்

இதில் ஒரு நல்ல செய்தி. அலுவலகத் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ பாரத்துக்குக் கணக்கிடுவார்கள்; தங்கும் அறைக்கு 200 கிலோ போதும். எனவே அலுவலகத்திலிருந்து அறைக்கு மாறுவதில் தளம் திணறாது. சிக்கல் கூட்ட அரங்கத்தில். அதற்கு ஏறத்தாழ 500 கிலோ வேண்டும். ஐந்தாவது மாடியில் விருந்து மண்டபம் வைத்தால் காட்சி அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால், முதலில் கட்டமைப்புப் பொறியாளரைக் கேளுங்கள். மொட்டைமாடி நீச்சல்குளமும் அப்படியே. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோ.

பயன்பாட்டை மாற்றினால் பல ஊர்களில் இன்றைய நிலநடுக்க விதி முழுவதும் பொருந்தத் தொடங்கும். சால்ட் லேக் சிட்டியில் 1894இல் கட்டிய நகர மாளிகையை 1989இல் அடியோடு அறுத்து, ரப்பரும் எஃகும் சேர்ந்த தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். வரலாற்றுக் கட்டடம் ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. சுவருக்குள் எதையும் குத்திச் செருகாமல் கட்டடத்தைக் காக்கும் வழி அது. எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்றாலும், பலப்படுத்துவது என்றாலே அழகைக் குலைப்பதுதான் என்று நினைக்க வேண்டியதில்லை.

படி 5: குழாய் சொல்லும் எண்ணே அறை எண்ணிக்கை

இப்போது அறைகளை வரையலாம். அறையிலிருந்து தொடங்காமல் குழாய்த் தண்டிலிருந்து தொடங்குங்கள்.

கழிவுநீர்க் குழாய் தட்டையாக ஓடாது. 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40க்கு 1 என்ற சரிவு வைத்தால், மூன்று மீட்டர் ஓட்டத்துக்கு 75 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். குழாயின் தடிமன், இணைப்புகள், தொங்கவிடும் பட்டை எல்லாம் சேர்ந்தால் தளத்துக்குக் கீழே 25 முதல் 30 சென்டிமீட்டர் போய்விடும். கீழ் அறையில் பூவேலைக் கூரை இருந்தால் அதன் நடுவே ஃபால்ஸ் சீலிங் தொங்கும். எந்தக் கூரைக்காகக் கட்டடத்தை வாங்கினீர்களோ அந்தக் கூரை காணாமல் போய்விடும்.

ஆகவே கழிப்பிடத்தைத் தண்டோடு ஒட்டி வையுங்கள். ஓட்டம் ஒரு மீட்டருக்குள் முடியட்டும். பக்கத்து அறைகளின் குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து நடுவில் ஒரே தண்டு விடுங்கள். குளியலறை ஜன்னல் பக்கம் போகாமல் நடைபாதைப் பக்கம் இருக்கட்டும். அங்கே கூரையைத் தாழ்த்தினால் யாருக்கும் உறுத்தாது; படுக்கைப் பக்கத்தில் பழைய உயரம் முழுதாகக் கிடைக்கும். தண்டின் கதவு நடைபாதையில் திறக்கட்டும். நள்ளிரவில் கசிவு வந்தால் தூங்குபவரை எழுப்பாமல் பிளம்பர் உள்ளே போக முடியும். மாடிக்கு மாடி குளியலறை ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். நடுவில் ஒரு மாடியில் மட்டும் மாற்றினால் அங்கே குழாய் பக்கவாட்டில் ஓட வேண்டியிருக்கும். அந்த முழங்கைதான் பிற்காலத்தில் அடைத்துக்கொள்ளும்.

மரத்தளமாக இருந்தால் இன்னும் கவனம். குழாய்க்காக உத்திரத்தில் பள்ளம் வெட்ட ஆசாரியை விடாதீர்கள். குழாய் உத்திரங்களுக்கு இணையாக ஓடும்படி அமையுங்கள். தளத்தை உயர்த்திப் படி வைத்துக் குளியலறை அமைக்கும் குறுக்குவழியும் வேண்டாம். அரைத்தூக்கத்தில் எழுந்து வருபவர் தடுக்கி விழுவார். சக்கர நாற்காலி ஏறவே ஏறாது.

உயரமான, அலங்காரமான அறைகளுக்கு எனக்குப் பிடித்த தீர்வு, குளியலறையை அறைக்குள் வைத்த பெட்டிபோலச் செய்வது. சுவர் 2.4 மீட்டரில் நின்றுவிடும். அதற்கு மேல் பழைய கூரை தடையில்லாமல் ஓடும். பெட்டிக்குள் தனி மூடியும் காற்றோட்டமும் இருக்கும். கண் மேலே போகும்போது முழு அறையும் ஒன்றாகத் தெரியும்.

இப்படி வரைந்து முடித்தால் ஒரு எண் வரும். நீங்கள் எண்பது அறை எதிர்பார்த்திருக்கலாம். கட்டடம் அறுபத்தாறு என்று சொல்லலாம். கட்டடத்தின் பேச்சைக் கேளுங்கள். மீதி பதினான்கைத் திணித்தால் இரண்டு வெளிச்சக் கிணறும் ஒரு படிக்கட்டும் போகும், குறுகிய அறைகளைப் பற்றிய புகார் நிரந்தரமாக நிற்கும். கோபுர மூலை, வளைந்த ஜன்னல், சாய்ந்த கூரை என்று ஒழுங்கற்ற அறைகள் மிஞ்சும். அவற்றைக் குறையாக நினைக்காதீர்கள். விருந்தினர் திரும்ப வந்து பெயர் சொல்லிக் கேட்பது அந்த அறைகளைத்தான்.

சிகாகோவில் 1895இல் முடிந்த ரிலையன்ஸ் கட்டடம் 1999இல் ஹோட்டலானபோது, பழைய அலுவலக அறைகளின் கதவுகளைக் கடிதம் போடும் துளையோடு அப்படியே வைத்துக்கொண்டார்கள். மாற்றுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கதவின் முன் சாவியோடு நிற்பவருக்குக் கட்டடத்தின் முந்தைய வாழ்க்கை ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது. ஃபிலடெல்ஃபியாவில் 1932இல் கட்டிய பி.எஸ்.எஃப்.எஸ். வங்கிக் கோபுரம் 2000இல் ஹோட்டலாக மாறியது. வங்கியின் பெயரெழுத்துகள் இன்னும் அதன் உச்சியில்தான் நிற்கின்றன. பழைய பெயரை அழித்தால்தான் புதிய ஹோட்டல் நிற்கும் என்பது வீண்பயம்.

படி 6: தூங்குபவர்களுக்கான தீ விதி

அலுவலகத்தில் இருப்பவர் விழித்திருப்பார், வழி தெரிந்தவர். ஹோட்டலில் இருப்பவர் தூங்குவார், ஊருக்கே புதியவர். விதி கடுமையாவது அதனால்தான். குறைந்தது இரண்டு தனித்தனிப் படிக்கட்டு வேண்டும், ஒன்றில் புகை புகுந்தால் மற்றது தப்ப வேண்டும். பழைய கட்டடத்தின் பெருமையான திறந்த படிக்கட்டு, தீ நேரத்தில் புகைபோக்கியாக மாறிவிடும்.

அதைச் சுவர் வைத்து மூடச் சொல்வார்கள். உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். தீப் பொறியாளர் ஒருவரை வைத்து மாற்றுத் திட்டம் எழுதுங்கள். படிக்கட்டைச் சுற்றித் தீத்தாங்கும் கண்ணாடி, சாதாரண நேரத்தில் காந்தத்தால் திறந்தே நின்று அலாரம் அடித்ததும் தானாக மூடும் கதவுகள், புகை வெளியேற்றம், கட்டடம் முழுவதும் தெளிப்பான். தண்ணீரைப் பனிபோல் தெளிக்கும் முறையில் குழாய் மெலிதாக இருக்கும், தண்ணீரும் குறைவாகவே கொட்டும். மரவேலையும் ஓவியமும் உள்ள கூடங்களுக்கு அது உகந்தது. தீயணைப்பு அதிகாரியையும் பாதுகாப்பு அதிகாரியையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்க வையுங்கள். தனித்தனியே பார்த்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். நடுவில் நீங்கள் மாதக்கணக்கில் அலைவீர்கள்.

படி 7: சத்தமும் ஜன்னலும்

நகர மையத்தில் தூக்கத்தைக் கெடுப்பது தெரு. பழைய ஜன்னலைக் கழற்றி எறிய வேண்டாம். அதை மராமத்து செய்து, உள்பக்கம் இன்னொரு கண்ணாடி அடுக்கு வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 10 முதல் 20 சென்டிமீட்டர் காற்று இடைவெளி விட்டால் சத்தம் நன்றாகவே அடங்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடியின் ஒடுங்கிய இடைவெளியால் அது முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய ஜன்னல்தான் தெரியும்.

மேல்மாடிக் காலடிச் சத்தம் மரத்தளத்தின் பழைய வியாதி. தளத்தின் மேல் மெத்தென்ற அடுக்கும் அதன்மேல் மிதக்கும் தரையும் போடுங்கள். ஏர்கண்டிஷனரின் வெளிப்பெட்டிகள் முகப்பில் தொங்கக்கூடாது. கூரையிலோ வெளிச்சக் கிணற்றின் அடியிலோ இருக்கட்டும். வெளிச்சுவரின் உள்பக்கம் வெப்பக்காப்பு ஒட்டுவதற்கு முன் ஈரக் கணக்கு போடச் சொல்லுங்கள். சுவர் குளிர்ந்தால் உத்திர முனையில் நீர் கோத்து மரம் மட்கும். பழைய கட்டடம் மின்சாரத்தைத் தின்னும் என்பதையும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்செல் பிராயர் வடிவமைத்து 1970இல் முடிந்த ஒரு கான்கிரீட் அலுவலகம், அமெரிக்காவின் நியூ ஹேவனில் 2022இல் 'ஹோட்டல் மார்செல்' ஆனது. எரிவாயு இல்லாமல் முழுக்க மின்சாரத்திலும் சூரியத் தகடுகளிலும் ஓடுகிறது.

படி 8: பின்கட்டு

விருந்தினர் பார்க்காத பகுதியை எல்லாரும் கடைசியில் வரைவார்கள், மிஞ்சிய இடத்தில் திணிப்பார்கள். பணியாளர் லிஃப்ட் ஒன்று தனியாக வேண்டும். அழுக்குத் துணிவண்டி லாபி வழியாகப் போகக்கூடாது. ஒவ்வொரு மாடியிலும் துணியடுக்கும் சிற்றறை வேண்டும். சலவையை வெளியே கொடுப்பது பழைய கட்டடத்துக்கு நல்லது, நீராவியும் அதிர்வும் மிச்சம். சமையலறைப் புகைக்குப் பழைய புகைபோக்கியைப் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே புதிய எஃகுக் குழாய் விட்ட பிறகுதான். எண்ணெய்ப்படலம் பழைய செங்கல்லில் படிந்தால் ஒருநாள் பற்றிக்கொள்ளும்.

படி 9: பணமும் ஒப்பந்தமும்

எதிர்பாராத செலவுக்கு 20 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. அதில் பெரும்பகுதி, சுவரைத் திறக்கும் முதல் மாதங்களிலேயே கேட்கும். ஆய்வுக்கு ஆகும் செலவைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

பெரிய ஹோட்டல் குழுமத்தின் பெயரில் நடத்தப்போகிறீர்கள் என்றால், அவர்களிடம் அறையின் அளவிலிருந்து கதவின் அகலம் வரை சொல்லும் தரப்புத்தகம் இருக்கும். அது புதிய கட்டடத்துக்காக எழுதியது. எந்தெந்த விதியிலிருந்து விலக்கு என்பதை மாடிவாரியாக, அறைவாரியாக எழுதி, கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தோடு சேருங்கள். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றவர் திறப்பு நாளன்று அந்தப் பதவியில் இருக்கமாட்டார்.

படி 10: வேலை நடக்கும்போது

கூரையும் வடிகாலும் முதலில். மேலே ஒழுகும்போது கீழே செய்யும் எந்த வேலையும் வீண். பிறகு மாதிரி அறை ஒன்றை முழுமையாக முடியுங்கள், படுக்கை விரிப்பு வரைக்கும். அதில் ஓர் இரவு நீங்களே தூங்குங்கள். அப்படித் தூங்கியபோது நான் கண்டது: படுக்கைக்குத் தலைமாட்டில் பக்கத்து அறையின் தண்ணீர் இறங்கும் சலசலப்பு, கட்டிலிலிருந்து கைக்கு எட்டாத விளக்குச் சுவிட்சு, விடியற்காலையில் திரையின் ஓரத்தில் நுழைந்து நேராகக் கண்ணில் விழும் ஒரு கோடு வெயில். வரைபடத்தில் இவை எதுவும் தெரியவில்லை. குழாயைச் சுற்றிக் கனமான உறை போட்டு, தண்டின் சுவரை இரட்டிப்பாக்கினோம். ஒரே அறையில் என்றால் இரண்டு நாள் வேலை. எல்லா அறைகளும் முடிந்த பிறகு தெரிந்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது.

தீப்பொறிக்குப் பயப்படுங்கள். பாரிஸ் நோத்ர்தாம் 2019இல் எரிந்தது சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோது. கிளாஸ்கோ கலைப்பள்ளி 2018இல் இரண்டாம் முறை எரிந்ததும் சீரமைப்பின் நடுவில்தான். வெல்டிங், பிளோடார்ச் போன்ற வேலைக்கு அன்றன்றைக்கு எழுத்து அனுமதி வேண்டும். வேலை முடிந்த பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும். முடிந்தால் பிற்பகலுக்குப் பிறகு அந்த வேலையே வேண்டாம். தற்காலிகத் தீயெச்சரிக்கைக் கருவியை முதல் நாளே பொருத்துங்கள்.

கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் எழுதுங்கள்: கதவு, பூட்டு, தரை ஓடு, பித்தளைத் தகடு. எண் இல்லாமல் மூலையில் குவித்தது திரும்பத் தன் இடத்துக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

படி 11: ஒப்படைப்பு

திறப்பதற்கு இரண்டு வாரம் முன் எல்லா அறைகளிலும் ஒரே காலைநேரத்தில் குழாய்களைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் தண்டின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டார்ச்சோடு நிற்கட்டும். வெந்நீர் மேல்மாடிக்கு எத்தனை வினாடியில் வருகிறது, எந்த இணைப்பில் துளி கோக்கிறது, கீழ்த்தளத்தில் எங்கே நீர் எதிர்த்து ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புப் பொறுப்பாளருக்குச் சாவிக்கொத்தோடு ஒரு கையேடும் கொடுங்கள். எந்தச் சுவர் சுண்ணாம்பு, அதற்கு என்ன கலவை, எந்த வர்ணம் அடிக்கலாம், எதை அடிக்கவே கூடாது, குழாய்த் தண்டுகளின் வரைபடம், ஒவ்வொரு வால்வின் இடம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியவை இரண்டு: மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கூரை வடிகாலில் கையை விட்டு இலைகளை அள்ள வேண்டும், லாபிச் சுவரில் சிமெண்ட் வைக்கக் கூடாது.